கற்றாழைச் சாறு குடிப்பவர்கள் கவனிக்க: அந்த மஞ்சள் பால்

வெள்ளவத்தையில் நான் மருந்து கொடுக்கும் பார்மசியில், "வேறென்ன எடுக்கிறீங்கள்?" என்று கேட்டால் குளிசைகளை மட்டும்தான் சொல்வார்கள். காலையில் வெறுவயிற்றில் குடிக்கும் கற்றாழைச் சாறு அந்தக் கணக்கில் வராது. "அது மருந்தில்லைத் தம்பி, பல்கனியில நிக்கிறதுதானே" என்றார் ஓர் அன்ரி. சீனி வருத்தத்துக்கு கிளிக்ளசைட்டும் கால் வீக்கத்துக்கு புறூசமைட்டும் வாங்க வந்தவர். சில நாளாக வயிறு இளகிப் போகிறது, கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்றார். சாறு எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். மடலைத் தோலோடு வெட்டி, தேசிக்காய் விட்டு அடிப்பாராம்.

அங்கேதான் வில்லங்கம். மடலை வெட்டினால் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சளாக, கைப்பாக ஒரு பால் கசியும். அதிலுள்ள அலோயின் என்ற பொருள் பேதியாக்கும். பேதியோடு உடம்பிலுள்ள பொற்றாசியமும் போகும். புறூசமைட்டும் அதைத்தான் வெளியேற்றும். இரண்டும் சேர்ந்தால் தசைப்பிடிப்பு, இதயத்துடிப்புக் குழப்பம் வரை போகலாம். இதயத்துக்கு டிஜொக்சின் என்ற மருந்து எடுப்பவருக்கு இன்னும் ஆபத்து.

இந்தப் பாலைக் காய்ச்சி இறுக்கியதுதான் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் கரியபோளம். சித்த வைத்தியர் அதை மலச்சிக்கலுக்கு அளவோடு கொடுப்பார். மடலின் உள்ளே இருக்கும் வழுவழுப்பான சதையை, அதாவது சோற்றைச் சாப்பிடுவதென்றால் ஏழு தரம் அலசு என்பது பழைய கைப்பக்குவம். பிளெண்டர் வந்ததும் அந்த அலசலைத்தான் முதலில் கைவிட்டோம். அமெரிக்காவில் கற்றாழைப் பேதி மருந்துகளுக்குப் பாதுகாப்புச் சான்று போதாதென்று 2002இல் கடை விற்பனையிலிருந்து விலக்கினார்கள். மஞ்சள் பால் நீக்காத முழு இலைச் சாற்றை நீண்டகாலம் கொடுத்த எலிகளுக்குப் பெருங்குடலில் கட்டிகள் வந்தன. கர்ப்பிணிகளும் சிறுநீரக நோயாளிகளும் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

சரி, சீனி குறையுமா? சில சிறிய ஆய்வுகளில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதை நம்பிக் குளிசையை நிறுத்தக் கூடாது. கிளிக்ளசைட்டோடு சேர்த்துக் குடித்தால் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கவும் இடமுண்டு. உடம்பு மெலியும், புற்றுநோய் மாறும் என்று வட்சப்பில் சுற்றுவதற்கெல்லாம் என்னிடம் மரியாதை இல்லை.

தோலில் பூசும் விஷயத்தில் கற்றாழையின் பக்கம்தான் நான். வெயில் எரிவுக்கும் சுடுதேத்தண்ணீர் பட்ட சின்னக் காயத்துக்கும் சோறு இதமாக இருக்கும். ஆனால் முதலில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள், அப்புறம் பூசலாம். பெரிய கொப்புளம், ஆழமான காயம், ஒப்பரேஷன் தையல் இவற்றில் பூசவேண்டாம். சிசேரியன் காயம் ஆறாதவர்களுக்குக் கற்றாழை ஜெல் போட்டுப் பார்த்த 1991ஆம் ஆண்டு ஆய்வொன்றில் காயம் ஆறப் பிந்தியது.

கடையில் ஜெல் வாங்குகிறவர்கள் போத்தலின் பின்பக்கத்தைப் படியுங்கள். கூடுதலாக இருப்பதைத்தான் முதலில் எழுதுவார்கள். கற்றாழையின் பெயர் கடைசியில் கிடந்தால் காசைச் சேமியுங்கள். மடலுக்குள் இருக்கும் சோறு நிறமற்றது. போத்தலில் தெரியும் பச்சை சாயம்.