வலிப்பு மூளையில் எங்கே தொடங்குகிறது?

வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இருவருக்கு மாத்திரையே போதும். மற்றவர்களின் நிலை வேறு. பொருத்தமான இரண்டு மருந்துகளை உரிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால், மூன்றாவது மருந்தில் நிற்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. அறுவை சிகிச்சை பலன் தருமா என்று பார்க்க வேண்டிய கட்டம் அதுதான். பலர் அப்போதும் மாத்திரையை மாற்றி மாற்றியே ஆண்டுகளைக் கழிக்கிறார்கள்.

நரம்பணுக்கள் கூட்டமாக ஒரே நேரத்தில் மின்துடிப்புகளை வெளியிடுவதே வலிப்பு. பலருக்கு அது ஒரே இடத்தில் தொடங்கிப் பரவுகிறது. மருந்துக்கு அடங்காத பெரியவர்களில் அந்த இடம் பல நேரங்களில், மூளையின் பக்கவாட்டில் உள்ள பொட்டுமடலின் உள்ளே, சுருங்கித் தழும்பேறிய ஹிப்போகேம்பஸ் என்ற, நினைவுகளைப் பதியவைக்கும் பகுதி. அதை எடுத்துவிட்டால் வலிப்பு நின்றுவிடக்கூடும். ஆனால் எடுப்பதைவிடக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

அதற்காக நோயாளியை மருத்துவமனையில் சேர்த்து, மருந்தைக் குறைத்து, வலிப்பு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். (குடும்பத்தாருக்கு இதைப் புரியவைப்பது லேசான வேலையல்ல.) வீடியோவும், மூளையின் மின்துடிப்பைப் பதியும் ஈ.ஈ.ஜி.யும் சேர்ந்து ஓடும். எந்தக் கை முதலில் இழுத்தது, பேச்சு எப்போது நின்றது என்பதெல்லாம் எம்.ஆர்.ஐ. காட்டும் தழும்போடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மண்டையோட்டில் சிறு துளைகளிட்டு, மூளைக்குள்ளேயே மெல்லிய மின்முனைகளைச் செலுத்திப் பார்ப்பதுண்டு.

இடம் தெரிந்தாலும், அது இல்லாமல் வாழ முடியுமா? 1953-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு இரு பக்க ஹிப்போகேம்பஸிலும் பெரும்பகுதியை அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008-இல் இறக்கும்வரை, புதிதாக நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. இன்று ஒரு பக்கத்தை மட்டுமே எடுக்கிறார்கள். அதுவும் மறுபக்கம் நினைவைத் தாங்குமா என்று சோதித்த பிறகே.

பேச்சுப் பகுதிக்கு அருகே என்றால், நோயாளியை விழித்திருக்கச் செய்து, பேசவைத்துக்கொண்டே அறுவை நடக்கும். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. கனடாவின் மான்ட்ரியலில் இம்முறையை வளர்த்தவர் மூளை அறுவை மருத்துவர் வில்டர் பென்ஃபீல்ட். அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டிதான் 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் மூளை நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார்.

பலன்? டெல்லி எய்ம்ஸ் 116 குழந்தைகளிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களில் 77 சதவீதத்தினர் ஓராண்டு முடிவில் வலிப்பின்றி இருந்தார்கள். மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 7 சதவீதத்தினர். அறுவை செய்துகொண்டவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கடுமையான பாதிப்பும் வந்தது. பெரும்பாலும் ஒரு பக்கக் கை கால் பலவீனம். மூளையின் ஒரு பாதியையே துண்டித்துவிடும் சிகிச்சை பெற்ற குழந்தைகளும் அவர்களில் அடக்கம். பொட்டுமடலில் மட்டும் செய்யும் அறுவையில் இந்த அபாயம் வெகுவாகக் குறைவு.