சொல் விளக்கம்: தகவமை ஆழ்மூளைத் தூண்டல்

நரம்பியல் மருத்துவர்கள் 'அடாப்டிவ் டிபிஎஸ்' (அடாப்டிவ் டீப் பிரெயின் ஸ்டிமுலேஷன்) என்று சொல்வதற்கான தமிழ் இது. நடுக்கம், விறைப்பு, அசைவு மந்தம் ஆகியவற்றைத் தரும் பார்க்கின்சன் நோய் உள்ளவரின் மூளையிலிருந்து வரும் மின்குறியைக் கவனித்து, அதற்கேற்ப மின்தூண்டலைக் கூட்டிக் குறைக்கும் சிகிச்சை.

'ஸ்டிமுலஸ்' என்றால் லத்தீனில் மாடு ஓட்டும் தாற்றுக்கோல். தமிழில் தூண்டுதல் என்பது விளக்குத் திரியை முன்னே தள்ளிவிடுவது. இந்தச் சிகிச்சைக்குத் தமிழ்ச் சொல்தான் இன்னும் நெருக்கம். சுடரைப் பார்த்துத்தானே திரியைத் தூண்டுகிறோம்!

பழைய டிபிஎஸ் அப்படிப் பார்ப்பதில்லை. மூளையின் ஆழத்தில் உள்ள தாலமஸ் என்ற பகுதியில் நொடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மின்துடிப்புகளைக் கொடுத்தால் நடுக்கம் அடங்குகிறது என்று 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் நரம்பியல் அறுவை மருத்துவர் பெனாபித்தின் குழு கண்டது. அதன்பின் வந்த கருவிகள் நெஞ்சுத் தோலுக்கடியில் இருந்துகொண்டு, மூளைக்குள் செல்லும் கம்பி வழியே தூண்டல் கொடுத்து, மருத்துவர் வைத்த அளவிலேயே இரவும் பகலும் ஓடின. நோயாளியின் நிலையோ மணிக்கு மணி மாறும். இந்நோய்க்குத் தரும் லெவோடோபா மாத்திரையின் வேலை உச்சத்தில் இருக்கும்போது தூண்டலும் சேர்ந்துகொண்டால் சிலருக்குக் கை கால் தானாக நெளியும்.

அந்த மாற்றத்தைக் காட்டிக்கொடுப்பது பீட்டா அலை என்ற மூளை மின்குறி. தாலமசுக்குக் கீழுள்ள சப்தாலமிக் நரம்புக்கொத்தில் நொடிக்கு ஏறத்தாழ 13 முதல் 30 முறை அலையும். உடல் விறைத்து அசைவு மந்தமாகும்போது ஓங்கும். மாத்திரை வேலை செய்யத் தொடங்கினால் தணியும். இதைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. அலை மைக்ரோவோல்ட் அளவு, தூண்டல் வோல்ட் அளவு. இரண்டும் ஒரே கம்பியில்.

2013இல் ஆக்ஸ்போர்டின் பீட்டர் பிரவுன் குழு எட்டு நோயாளிகளுக்குப் பீட்டா ஓங்கும்போது மட்டும் தூண்டல் கொடுத்தது. மின்தூண்டல் நேரம் பாதிக்கு மேல் குறைந்தது. அப்படியும் தொடர் தூண்டலைவிட அசைவு நன்றாக இருந்தது. 2025 பிப்ரவரியில் மெட்ரானிக் நிறுவனத்தின் கருவியில் இம்முறைக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் தந்தது. ஆனால் பீட்டா எல்லாவற்றுக்கும் குறியல்ல. நடுக்கத்தைவிட விறைப்பையும் மந்தத்தையுமே அது நன்றாகக் காட்டுகிறது.

'அடாப்டிவ்' என்பதன் வேர் 'ஆப்டஸ்', அதாவது தக்கது. நம் 'தகவு' பிறந்த 'தகு' என்பதும் அதே பொருள்தான். பள்ளி உயிரியலில் தகவமைப்பு தலைமுறைகளில் நடப்பது; இங்கே கண்ணெதிரே நடக்கிறது.

'தானியங்கித் தூண்டல்' என்று எழுத வேண்டாம். பழைய கருவியும் தானாகத்தான் ஓடியது. புதியதிலும் எந்த அலையைக் கவனிப்பது, எந்த அளவு வரை கூட்டலாம் என்ற எல்லைகளை வைப்பவர் மருத்துவரே. கருவி அவற்றுக்குள்தான் கூட்டிக் குறைக்கிறது.