கடல் முதலில் கிணற்றுக்குள்தான் வரும்

கடல்மட்டம் உயர்கிறது என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது தெருவில் புரளும் அலைதான். நிலத்தடி நீரைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கோ கிணறுகள்தான் நினைவுக்கு வருகின்றன. கரையைத் தாண்டுவதற்கு வெகு முன்பே கடல் மண்ணுக்கடியில் வந்து சேர்ந்துவிடுகிறது.

கடலோர ஆழ்துளைக் கிணற்றில் மின்கடத்துத்திறன் மானியை (நீரில் உப்பு கூடக் கூட இதன் எண்ணும் கூடும்) மெல்ல இறக்கினால் இதைக் கண்ணால் பார்க்கலாம். முதல் சில மீட்டர்களுக்கு எண் அதிகம் அசையாது. ஓர் ஆழத்தில் சட்டென்று பல மடங்கு எகிறும். அங்கேதான் நன்னீர் முடிந்து உப்புநீர் தொடங்குகிறது.

எடை குறைந்த நன்னீர், கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது எங்கள் துறையின் பாலபாடம். உறிஞ்சி உறிஞ்சி மேலே அரை மீட்டரைக் குறைத்தால், நாளடைவில் கீழே 20 மீட்டரை இழப்போம். நிலத்தடி நீர்மட்டம் மேலெழ இடமில்லாத தாழ்நிலங்களில், கடல் உயர்ந்தாலும் கதை இதேதான்.

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்தது. அதில் 2006 முதல் 2018 வரையிலான வேகம் ஆண்டுக்கு 3.7 மி.மீ. ஜகார்த்தாவிலோ, நிலத்தடி நீரை அளவின்றி எடுத்ததால் சில பகுதிகள் ஆண்டுக்குப் பல செ.மீ. தாழ்ந்தன. கடல் ஏறுவதைவிட நகரம் இறங்குவது வேகமாக நடந்தது! டோக்கியோவும் ஒருகாலத்தில் இப்படித்தான் இறங்கியது. நீர் எடுப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு வந்த பிறகே அது பெருமளவு நின்றது.

தண்ணீர் கரிக்கத் தொடங்கியதும் பலர் செய்வது கிணற்றை இன்னும் ஆழப்படுத்துவது. தயவுசெய்து செய்யாதீர்கள். உப்பு கீழே இருக்கிறது. நீங்கள் அதைத் தேடிப் போகிறீர்கள். நூறு குடம் நன்னீரைக் கெடுக்க இரண்டு குடம் கடல்நீர் போதும். வீட்டில் சுத்திகரிப்புக் கருவி வைத்தால் உங்கள் குவளை தப்பிக்கும், கிணறு தப்பிக்காது.

கோடையின் கடைசியில், ஆண்டுதோறும் அதே மாதத்தில், கிணற்று நீரில் உப்பின் அளவைக் காட்டும் குளோரைடைச் சோதித்துக் குறித்து வையுங்கள். லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் நாக்கே சொல்லிவிடும். அதுவரை காத்திருக்க வேண்டாம். 60, 90, 140 என்று எண் ஏறும்போதே மோட்டார் ஓடும் நேரத்தைக் குறையுங்கள். கூரையில் விழும் மழைநீரை மண்ணுக்குள் இறக்குங்கள்.