விளக்குக்கும் கண்ணுக்கும் நடுவே எவ்வளவு உயரம்?

மோட்டார் சைக்கிளில் கூடுதல் விளக்கு மாட்டப் போகிறவரிடம் முதலில் வரும் கேள்வி, எத்தனை வாட் என்பதுதான். எந்த உயரத்தில் என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் சாலையில் கிடக்கும் கல் கண்ணில் படுமா என்பதில் வாட்டுக்கு இருக்கும் பங்கைவிட உயரத்துக்கு இருக்கும் பங்கு பெரிது.

20 மீட்டர் தள்ளி 5 செ.மீ. உயரக் கல் ஒன்று கிடக்கிறது. ஓட்டுபவரின் கண் தரையிலிருந்து 1.4 மீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விளக்கு 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், கல்லுக்குப் பின்னால் நிழல் ஒரு மீட்டர் போல விழும். அதில் முக்கால் மீட்டரை அந்தக் கல்லே நம்மிடமிருந்து மறைத்துவிடும். மிஞ்சுவது 30 செ.மீ. அதே விளக்கை அரை மீட்டருக்கு இறக்கினால் நிழல் 2.2 மீட்டராகிறது; கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் கருப்பாகத் தெரியும். இரவில் கல்லைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதன் நிழல்தான். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு நடந்து பாருங்கள்: வெளிச்சம் இருக்கும், மேடு பள்ளம் பிடிபடாது. விளக்கும் கண்ணும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருப்பதால் நிழல்கள் எல்லாம் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன.

மூடுபனியிலும் இதே கதைதான். பனித்துளிகள் ஒளியில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. விளக்கு கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால், நாம் பார்க்கும் பாதை முழுக்க ஒளியேறிய பனி, எதிரே வெள்ளைச் சுவர். விளக்கு தாழ்வாக, மேல்விளிம்பு வெட்டிய அகலக் கற்றையோடு இருந்தால், பார்வை அந்த வெளிச்சத்துக்கு மேலாகப் போய்க் கடைசியில்தான் அதைத் தொடும். மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்பதை நான் நம்புவதில்லை. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது; நிறம் பார்த்துச் சிதறடிப்பதில்லை.

சரி, அப்படியென்றால் முடிந்த வரை கீழே மாட்டிவிடலாமே? அங்கேதான் சிக்கல். அரை மீட்டர் உயர விளக்கின் ஒளி 25 மீட்டரில் தரையைத் தொட வேண்டுமானால், அது சாய வேண்டியது வெறும் 1.15 டிகிரி. இப்போது பின்னால் ஒருவர் ஏறி உட்கார்கிறார். பின் சஸ்பென்ஷன் 2.5 செ.மீ. அமுங்கினால், 1.4 மீட்டர் வீல்பேஸ் (இரு சக்கர மையங்களுக்கும் இடையிலான தூரம்) உள்ள வண்டி சுமார் ஒரு டிகிரி நிமிர்ந்துவிடும். 25 மீட்டரில் விழுந்த ஒளி 190 மீட்டருக்குப் போய்விடும். சாலையில் ஒரு சின்ன மேடு வந்தால் போதும், எதிரே வருபவரின் கண்ணுக்கே போகும். 1 மீட்டர் உயர விளக்கை அதே 25 மீட்டருக்குத் திருப்பி வைத்திருந்தால், இதே ஆட்டத்தில் அது 44 மீட்டருக்குத்தான் நகர்ந்திருக்கும். அதனால் தூரத்தைப் பார்க்கும் குறுகிய கற்றை ஹெட்லைட் பக்கத்திலும், அருகே பரவும் அகலக் கற்றை கீழேயும் இருப்பதே என் தேர்வு.

எதில் மாட்டுவது? ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில், மாட்டினால் விளக்கு ஹேண்டில்பாரோடு திரும்பும் என்பார்கள். வேகத்தில் வளையும்போது வண்டி சாய்கிறது, ஹேண்டில்பார் திரும்புவது மிகக் கொஞ்சம். அந்த லாபம் மெதுவாகத் திருப்பும்போது மட்டும்தான். முன் மட்கார்டில் மாட்டினால் சக்கரத்தின் ஒவ்வொரு அடியும் சஸ்பென்ஷனைத் தாண்டாமல் நேராக விளக்குக்குப் போகும், போல்ட் தளரும். சேஸியோடு (வண்டியின் சட்டகத்தோடு) இறுக்கிய கிராஷ் கார்டு அடியைக் குறைக்கும், கூடவே இரண்டு விளக்குகளையும் அகலமாகப் பிரித்து வைக்கும். எதிரே வருபவர் நம் வேகத்தைக் கணிப்பது, ஒளிப்புள்ளிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் வேகத்தை வைத்துத்தான். ஒற்றை விளக்கில் அந்தத் தடயம் கிடைக்காது. எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்கு முன்னால் மட்டும் வைக்காதீர்கள், அதற்கு வரும் காற்றை மறைக்கும்.

அப்புறம் திசை. சுவருக்கு 10 மீட்டர் தள்ளி, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஓட்டுபவர் உட்கார்ந்துகொள்ளட்டும். வழக்கமாகப் பின் இருக்கையில் வருபவரும்தான். விளக்கு 50 செ.மீ. உயரம் என்றால் சுவரில் 30 செ.மீ. உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டில் விழும் வரை திருப்பி, அங்கேயே இறுக்குங்கள்.