சோழி புரண்டால் நான்கு மடங்கு

காரைக்குடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கானாடுகாத்தானில் ஒருவர் பர்மாத் தேக்கில் தெருவுக்குத் தெரு நீளும் வீடு கட்டினார். அவரோடு கப்பலேறி, அதே வட்டித் தொழில் பார்த்த பங்காளியின் வீடு முகப்போடு நின்றுவிட்டது. காரணம் உழைப்பா, அதிர்ஷ்டமா?"

ஜாதகத்தை எடுக்க வேண்டாம். ஒரு சோழி போதும். அதுவும் குறி பார்க்க அல்ல, உருட்ட. நிமிரவும் கவிழவும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். கையில் 10 ரூபாய், பத்து உருட்டல்.

முதல் ஆட்டத்தில் நிமிர்ந்தால் ஒரு ரூபாய் கூடும், கவிழ்ந்தால் ஒரு ரூபாய் குறையும். ஐந்துக்கு ஐந்து விழுந்தால் அதே 10. ஆறு நிமிர்ந்தால் 12, ஏழு நிமிர்ந்தால் 14. பெரிய பொறாமைக்கு இடமில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் நிமிர்ந்தால் இரட்டிப்பு, கவிழ்ந்தால் பாதி. ஐந்துக்கு ஐந்து என்றால் இங்கும் 10தான். ஆனால் ஆறு நிமிர்ந்தால் 40, ஏழு நிமிர்ந்தால் 160! ஒரே ஒரு சோழி புரண்டதற்கு நான்கு மடங்கு. பத்தும் நிமிர்ந்தால் 10,240 ரூபாய். பத்தும் கவிழ்ந்தால் ஒரு பைசாகூட முழுதாகத் தேறாது. கூட்டல் பெருக்கலாக மாறியது, வேறொன்றுமில்லை. வட்டி முதலோடு சேர்ந்து குட்டி போடும் தொழில் இந்த இரண்டாவது ஆட்டம்தான். கொண்டுவிக்கப் போனவர்களுக்கு, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன செட்டியார்களுக்கு, 1930களில் அவர்களிடம் கடன் வாங்கிய பர்மா உழவர்களின் நெல் விலை சரிந்ததும், 1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்ததும் கவிழ்ந்த சோழிகள். பெட்டியடிப் பையனாக (கடையில் தொழில் பழகும் சிறுவனாக) தொடங்கி எத்தனை வருடம் கண் விழித்துக் கணக்கு எழுதியிருந்தாலும் அவற்றை நிமிர்த்தியிருக்க முடியாது.

அப்படியானால் உழைப்பு வீணா? இத்தாலியின் கத்தானியா பல்கலைக்கழகத்தார் 2018இல் இந்த ஆட்டத்தைக் கணினியில் ஆடவிட்டார்கள். ஆயிரம் கற்பனை மனிதர்கள், 40 ஆண்டுகள். திறமை (உழைப்பையும் அதில்தான் சேர்த்தார்கள்) கூடியவருக்கு, வந்த நல்வாய்ப்பை இரட்டிப்பாக்கும் சாத்தியம் அதிகம். அடி விழுந்தால் மட்டும் எவருக்கும் பாதி போகும். கடைசியில் உச்சிக்குப் போனவர்கள் பெரும்பாலும் நடுத்தரத் திறமைக்காரர்கள். அவர்கள்தானே எண்ணிக்கையில் அதிகம். தொடர்ந்து நிமிரும் சோழி அவர்களில் ஒருவருக்கு வாய்ப்பதில் வியப்பென்ன?

அவர்கள் இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். ஏற்கெனவே வென்றவர்களுக்கே நிதியைக் குவிப்பதைவிட, எல்லாருக்கும் சமமாகப் பகிர்ந்தபோது திறமைசாலிகள் அதிகம் பேர் கரையேறினார்கள். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுத்த ஊர்க்காரன் என்ற உரிமையில் சொல்கிறேன்: நம் ஆய்வு நிதிக் குழுக்கள் இதைப் படிக்க வேண்டும். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2022இல் இதற்குக் கிடைத்தது. நம்மவர்கள் இன்னும் சிரிக்கவே தொடங்கவில்லை.