கம்ஃபர்ட் ஃபுட்: ஆறுதல் உணவா, தேற்றுணவா?

'கம்ஃபர்ட் ஃபுட்' என்ற தொடர் தமிழ் எழுத்தில் இப்போது தாராளமாகப் புழங்குகிறது. உணவகங்களின் பட்டியலிலும், சமையல் குறிப்புகளிலும், பிரபலங்களின் பேட்டிகளிலும் அப்படியே வருகிறது. தமிழாக்க முனைபவர்கள் பெரும்பாலும் 'ஆறுதல் உணவு' என்று எழுதுகிறார்கள். கணினி மொழிபெயர்ப்பும் அதைத்தான் நீட்டுகிறது. அந்தச் சொல் எனக்கு ஒப்பவில்லை. அதைவிடப் பொருத்தமான ஒன்று நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது.

முதலில் பொருள். மனம் சோர்ந்த வேளையில், உடம்பு களைத்த வேளையில், ஒருவர் தேடிப்போகிற பழகிய உணவுதான் இது. பெரும்பாலும் எளியது, வீட்டில் செய்வது, சிறுவயதிலிருந்தே நாக்குக்குத் தெரிந்தது. விருந்துப் பண்டமாக இருக்க வேண்டியதில்லை. சத்தில் சிறந்ததாகவும் இருக்க வேண்டியதில்லை. ஒருவர் உயிரையே விடுகிற பண்டம் அடுத்தவருக்குச் சப்பென்று இருக்கலாம். ஆகவே இது எந்தக் குறிப்பிட்ட உணவின் பெயரும் இல்லை. ஓர் உணவுக்கும் அதை உண்பவருக்கும் இடையிலுள்ள உறவின் பெயர்.

ஆங்கிலத்திலேயே இந்தத் தொடருக்கு வயது அதிகமில்லை. 1966-இல் அமெரிக்க நாளிதழ் ஒன்றில் வந்த கட்டுரையைப் பழைய சான்றாகக் காட்டுவார்கள். பெரியவர்கள் கடும் மன அழுத்தத்தில் இருக்கும்போது, குழந்தைப் பருவத்தின் பாதுகாப்புணர்வோடு சேர்ந்த உணவை நாடுகிறார்கள் என்று அது சொன்னது. அம்மா செய்த முட்டையும் கோழி சூப்பும் அதில் எடுத்துக்காட்டுகள்.

தொடர்தான் புதிது, 'கம்ஃபர்ட்' என்ற சொல் பழையது. அதன் மூலம் இலத்தீன் மொழியின் 'கன்ஃபோர்தாரே'. அதற்குள் இருப்பது 'ஃபோர்திஸ்', அதாவது வலிமையான என்ற சொல். கோட்டையைக் குறிக்கும் 'ஃபோர்ட்' என்ற சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது 'கம்ஃபர்ட்' என்பதற்கு வலுவூட்டு, திடப்படுத்து என்பதே பொருள். மெத்தை, சாய்வு நாற்காலி, சொகுசு என்ற பொருளெல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்டவை. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், ஆபிரகாம் தன் கூடாரத்துக்கு வந்த வழிப்போக்கர்களிடம் கொஞ்சம் அப்பம் கொண்டுவருகிறேன் என்று சொல்லுமிடத்தில், உங்கள் இருதயங்களை 'கம்ஃபர்ட்' செய்துகொள்ளுங்கள் என்று வருகிறது. தமிழ் விவிலியம் அந்த இடத்தை 'இருதயங்களைத் திடப்படுத்த' என்று பெயர்த்திருக்கிறது. அப்பமும் அந்த வினைச்சொல்லும் 'கம்ஃபர்ட் ஃபுட்' என்ற தொடர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரே வரியில் சேர்ந்து நின்றிருக்கின்றன. அங்கே உணவு கொடுப்பது சொகுசு இல்லை, திடம்.

இப்போது 'ஆறுதல்' என்ற சொல்லைப் பார்ப்போம். ஆறு என்ற வினைக்குத் தணிதல் என்று பொருள். சூடு ஆறும், புண் ஆறும், சினம் ஆறும், பசியும் ஆறும். நல்ல சொல்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உணவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அது சங்கடம் செய்கிறது. 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்று பழமொழி வைத்திருக்கிற மொழியில் 'ஆறுதல் உணவு' என்றால் முதலில் காதில் விழுவது ஆறிப்போன உணவுதான். போதாக்குறைக்கு, போட்டியில் தோற்றவருக்குக் கொடுப்பதை 'ஆறுதல் பரிசு' என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லுக்கே ஒரு பரிதாப வாடை ஏறிவிட்டது. ஆசையோடு சாப்பிடுகிற ஒன்றுக்கு இந்த வாடை எதற்கு?

'வசதி உணவு' என்று எழுதியவர்களும் உண்டு. அது நேரமில்லாதவர்களுக்காகப் பொட்டலத்தில் வருவது, வேறு சரக்கு. 'இத உணவு' காதுக்கு மென்மையாக இருக்கிறது, ஆனால் உடம்புக்கு ஏற்றது என்ற மருத்துவப் பொருளுக்கே அது இழுத்துக்கொண்டு போகும்.

நான் முன்வைப்பது 'தேற்றுணவு'.

தேறு என்பது தன்வினை, தேற்று என்பது பிறவினை. இந்த வினையின் அழகு, அது உடம்புக்கும் மனத்துக்கும் ஒன்றுபோலப் பொருந்துவது. காய்ச்சலில் கிடந்தவர் எழுந்து நடமாடினால் 'உடம்பு தேறிவிட்டது' என்கிறோம். துயரத்தில் இருந்தவர் மீண்டால் 'மனம் தேறிவிட்டது' என்கிறோம். மெலிந்து வந்த பிள்ளையை நாலு வாரம் சோறு போட்டுத் 'தேற்றிவிட்டார்கள்' என்று சொல்லும்போது உடம்பு, மனம் என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. வலுவூட்டுதல், துயர் நீக்குதல் என்று ஆங்கிலச் சொல் வரலாற்றில் அடுத்தடுத்துப் பெற்ற இரண்டு பொருள்களையும் தமிழ் வினை ஒரே நேரத்தில் வைத்திருக்கிறது.

அடியில் கிடக்கும் பொருள் தெளிதல். இலக்கணத்தில் உறுதிப்பொருள் தரும் ஏகாரத்துக்குத் 'தேற்றேகாரம்' என்று பெயர் வந்தது இதனால்தான். கலங்கிய நீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறத்தில் உரைப்பது தேற்றாங்கொட்டை. அந்தக் கொட்டை தரும் மரத்துக்குப் பழந்தமிழில் 'இல்லம்' என்றும் ஒரு பெயர் உண்டு. வீட்டைக் குறிக்கும் அதே ஒலி! கலித்தொகையின் 142-ஆம் பாடலில், காதலனைப் பிரிந்து மனம் பேதலித்துத் திரிந்த பெண் அவன் திரும்பி வந்ததும் தெளிகிறாள். அதைச் சொல்ல வந்த புலவர் 'இல்லத்துக் காழ்கொண்டு தேற்றக் கலங்கிய நீர்போல் தெளிந்து' என்கிறார். காழ் என்பது விதை. இல்லம் என்ற மரத்தின் விதையால் நீர் தேறுகிறது. மரத்தின் பெயரும் வீட்டின் பெயரும் ஒன்றானது தற்செயலாகவே இருக்கலாம். இதிலிருந்து சொற்பிறப்பு எதையும் நான் நிறுவ வரவில்லை. இருந்தாலும் வீட்டுச் சோற்றுக்குப் பெயர் தேடுகிறவனுக்கு இப்படி ஒரு வரி கிடைத்தால் விட்டுவிட்டுப் போக மனம் வருமா?

தமிழ் விவிலியத்தை மறுபடி ஒருமுறை திறக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'கம்ஃபர்ட்' வருமிடங்களில் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் நாடியது பெரும்பாலும் இந்த வினையைத்தான். 'உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்' என்பது 23-ஆம் சங்கீதம். யோவான் நற்செய்தியின் 'கம்ஃபர்ட்டர்' தமிழில் 'தேற்றரவாளன்'. ஏசாயாவில் அந்த ஆங்கிலச் சொல் அடுத்தடுத்து இருமுறை வருகிறது. அங்கே அவர்கள் 'ஆற்றுங்கள், தேற்றுங்கள்' என்று இரண்டு வினைகளையும் இணைத்தே வைத்தார்கள். முதலில் தணிக்க வேண்டும், பிறகு நிமிர்த்த வேண்டும். 'ஆறுதல் உணவு' என்று சொல்கிறவர்கள் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள் என்பதே என் வழக்கு.

மறுப்புகள் வரும். 'தேர்வில் தேறினான்' என்ற வழக்கு இருப்பதால், தேற்றுணவு என்பது மாணவர்களைப் பாஸ் செய்ய வைக்கும் மூளைக்கான உணவு என்று சிலர் நினைக்கக்கூடும். நினைக்கட்டும். புதிய சொல் எதுவும் முதல் நாளே முழுப்பொருளோடு வந்து நிற்பதில்லை.

இதுவரை சொன்னது உண்பவரின் பக்கம். ஆங்கிலத் தொடரின் பார்வை அங்கேயே முடிந்துவிடுகிறது. மன அழுத்தம் உள்ள ஒருவர், அவர் கையில் ஒரு கிண்ணம். படத்தில் வேறு யாரும் இல்லை. சமைத்தவர் எங்கே போனார்?

தமிழின் பழைய பாட்டில் அவர்தான் நடுவில் நிற்கிறார். குறுந்தொகையின் 167-ஆம் பாடல், கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய மகளைப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் சொல்கிறாள். முற்றிய தயிரைப் பிசைந்த விரல்கள். அந்தக் கையைத் துடைத்த ஆடையைத் துவைக்காமல் அப்படியே உடுத்தியிருக்கிறாள். தாளிக்கும் புகை கண்ணில் நிறைகிறது. 'தான் துழந்து அட்ட தீம்புளிப் பாகர்', அதாவது தானே துழாவிச் சமைத்த இனிய புளிக்குழம்பை 'இனிது' என்று கணவன் உண்கிறான். பாட்டு அவன் முகத்தைக் காட்டவில்லை. 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே' என்று சமைத்தவளின் முகத்தைக் காட்டி முடிகிறது. 'நுண்ணிதின்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பெருமகிழ்ச்சி இல்லை அது. கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மகிழ்ச்சி. வீட்டாருக்குச் சமைத்துப் போட்டு, முதல் கவளம் உள்ளே போகும்வரை எதிரில் நின்று பார்த்தவர்களுக்கு இது விளக்காமலே விளங்கும்.

இந்தப் பாட்டில் வரும் 'அட்ட' என்பது அடு என்ற வினையின் இறந்தகாலம். சமைத்தலுக்குப் பழைய சொல் அதுதான். அடுப்பும் அடுக்களையும் அதிலிருந்து வந்தவை. அடப்பட்டது, அதாவது சமைத்த உணவு, அடிசில். விந்தை என்னவென்றால், அடுதல் என்பதற்குக் கொல்லுதல், வெல்லுதல் என்ற பொருள்களும் உண்டு. சமைக்கும் வெப்பத்துக்கும் கொல்லும் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் புறநானூற்றின் 20-ஆம் பாடல் ஒரு வாழ்த்தாகவே ஆக்கிவிட்டது. சேர மன்னனிடம், உன் நிழலில் வாழ்பவர்கள் 'சோறு படுக்கும் தீயோடு செஞ்ஞாயிற்றுத் தெறல் அல்லது' வேறு வெம்மையை அறியமாட்டார்கள் என்கிறார் புலவர். சோறாக்கும் நெருப்பு மட்டுமே தெரிந்த நாடு!

இன்று நாம் சொல்லும் 'சமையல்' சமை என்ற வினையில் பிறந்தது. அதற்கு ஆயத்தமாதல், ஆக்குதல், படைத்தல் என்று பொருள். 'வரலாறு சமைத்தார்' என்று செய்தித்தாள் எழுதுவது இந்தப் பொருளில்தான். 'சோறு ஆக்குதல்' என்பதும் அதே எண்ணம். அடு என்ற சொல்லில் தீ முன்னே நிற்கிறது. சமை, ஆக்கு என்பவற்றில் ஆக்குகிறவர் முன்னே நிற்கிறார்.

அடிசில் என்றதும் பெண்கள் மட்டும் நினைவுக்கு வந்தால் அது நம் பழக்க தோஷம். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் படைக்கும் 'பல்வேறு அடிசில்' வீமன் எழுதியதாகச் சொல்லப்படும் சமையல் நூலின்படி ஆனது. அதைப் 'பொற்கலத்தில்' இட்டு, 'தான்நின்று ஊட்டி' மகிழ்ந்தவனும் மன்னனே.

குடும்பத்தோடு அடிசில் வருமிடம் என்றால் அது புறநானூறு 188. பாடியவன் பாண்டியன் அறிவுடைநம்பி, அரசன். எவ்வளவு செல்வம் இருந்தாலும், குறுகுறுவென நடந்து வந்து சிறுகையை நீட்டி, நெய்ச்சோற்றை இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும் மேலெல்லாம் சிதறவிடும் பிள்ளைகள் இல்லாதவருக்கு வாழ்நாளில் பயன் இல்லை என்கிறான். பிள்ளை இல்லாதவரை இப்படிச் சொல்வது இன்றைய மனத்துக்கு உறுத்துகிறது, உறுத்தத்தான் வேண்டும். சொல்லாட்சியை மட்டும் பார்ப்போம். குறுந்தொகைப் பெண் அடுப்பில் 'துழந்து' அட்டாள். இங்கே குழந்தை கலத்தில் 'துழந்து' கலக்குகிறது. இரண்டுக்கும் ஒரே வினை. 'அமிழ்தினும் ஆற்ற இனிதேதம் மக்கள் சிறுகை அளாவிய கூழ்' என்ற குறளும் இதே காட்சிதான். கூழை அமிழ்தத்துக்கு மேலே ஏற்றியது கூழின் பக்குவம் இல்லை, அதில் அளைந்த கை.

அறிவியலும் ஏறத்தாழ இந்தப் பக்கமே சாய்கிறது. 2011-இல் ஜோர்டன் டிராய்சி, ஷிரா கேப்ரியல் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய உணவுகள் மனத்தில் நெருங்கிய உறவுகளோடு பிணைந்திருப்பதையும், தனிமையுணர்வைக் குறைப்பதையும் காட்டியது. 2014-இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொரு சோதனை செய்தார்கள். சோகமான படக்காட்சிகளைக் காட்டிவிட்டு, சிலருக்கு அவர்களுடைய விருப்பமான தேற்றுணவையும், சிலருக்கு வேறு உணவையும் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. சற்று நேரத்தில் எல்லாருடைய மனநிலையும் ஏறக்குறைய ஒரே அளவில் மீண்டுவிட்டது. இரண்டும் மோதுவதுபோல் தெரியலாம். எனக்கு அப்படிப் படவில்லை. ஆய்வுக்கூடத்தில் முன்பின் தெரியாதவர் நீட்டிய கிண்ணத்தில் பண்டம் இருந்தது, சமைத்தவர் இல்லை.

ஆகவே சொல்லை இரண்டாகவே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். உண்பவர் பக்கத்திலிருந்து பொதுவாகச் சொல்ல, உணவகத்தின் பட்டியலில் இட, மருத்துவக் கட்டுரையில் எழுதத் 'தேற்றுணவு' போதும். வீட்டில் ஒருவர் இன்னொருவரை நினைத்துச் சமைத்தது என்று குறிக்க வேண்டிய இடத்தில் 'தேற்றடிசில்' என்று எழுதலாம். கொஞ்சம் செய்யுள் வாடை அடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பேச்சில் அதற்கு 'வீட்டுச் சோறு' என்ற இரண்டு சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றை யாரும் மாற்ற வேண்டியதில்லை. எழுதும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை: 'தேற்று உணவு' என்று பிரித்து எழுதினால், வேறு யாரையோ தேற்றும்படி உணவுக்கே கட்டளையிடுவதுபோல் ஆகிவிடும். சேர்த்தே எழுதுங்கள்.