புயல் கரைக்கு எந்த மரம்?

பனி நாடுகளில் மரக்கன்று வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது, அது மைனஸ் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்பதைத்தான். அங்கே மேப்பிளும் பிர்ச்சும் குளிருக்கு முன்பே இலையை உதிர்த்துவிடும். மொட்டைக் கிளையில் பனியும் தங்காது, காற்றும் அதிகம் பிடிக்காது. 1987 அக்டோபர் 16 அன்று தென் இங்கிலாந்தைப் புயல் தாக்கியபோது இலைகள் இன்னும் உதிரவில்லை, மண்ணும் மழையில் ஊறியிருந்தது. சுமார் ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன.

கடலூர், புதுச்சேரிக் கரையில் மரங்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் இதே கண்டம்தான். நம் ஒதியனும் வாதுமையும் வறட்சிக்கு அஞ்சித்தான் இலை உதிர்க்கின்றன, அதுவும் தை, மாசிக்கு மேல். புயலோ பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழிக்குள் வந்துவிடுகிறது. 2011 டிசம்பர் 30 காலை ‘தானே’ புயல் கரை கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் முழு இலையோடு நின்றன. காற்றின் வேகம் இரு மடங்கானால் மரத்தின் மேல் விழும் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டடி மண்ணில்தான் இருக்கிறது; அந்த மண் சேறானால் பிடிமானம் போய்விடும்.

அதனால் இங்கே தெருவோர நிழலுக்குக் குல்மோகர் வேண்டாம். அதன் கட்டை மென்மையானது, குடை அகலமானது. கடலோர மணலில் புன்னையை முதலில் வைக்கலாம். அதன் தடித்த, மெழுகுப்பூச்சுள்ள இலையை உப்புக்காற்று எளிதில் கருக்காது. வீட்டிலிருந்து இருபதடி தள்ளி நடுங்கள். உள்ளே செம்மண் பக்கம் இலுப்பையும் பாலை மரமும் நன்றாக வரும். பூவரசும் நல்ல மரம்தான், ஆனால் விதைக்கன்றாக இருக்கட்டும். போத்து, அதாவது வெட்டிய கிளையை நட்டால் நிழல் சீக்கிரம் கிடைக்கும், ஆணிவேர் கிடைக்காது.

மரம் சாய்வதற்கான காரணம் பல நேரம் நர்சரிப் பையிலேயே தொடங்கிவிடுகிறது. பையில் அதிக நாள் கிடந்த கன்றின் வேர் அடியில் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் பத்தாண்டு கழித்தும் வட்டமாகவே சுற்றும், பக்கவாட்டில் ஓடாது. மூன்றடிக்கு மேற்படாத கன்றாக வாங்குங்கள். பையைக் கிழித்ததும் அடியில் ஓர் அங்குலத்தைச் சீவிவிட்டு, பக்கங்களில் மூன்று இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறுங்கள். குழி பையின் ஆழமே போதும், அகலம் மட்டும் மூன்றடி வேண்டும். செம்மண்ணில் குழியின் சுவரைக் கடப்பாரையால் கொத்திவிடாவிட்டால் வேர் அதற்குள்ளேயே அடங்கிவிடும். தண்டும் வேரும் சேரும் இடம் தரைமட்டத்தில் இருக்க வேண்டும்.

முட்டுக்கோலைத் தண்டின் கீழ் மூன்றிலொரு பங்கில், தளர்வாகக் கட்டுங்கள். காற்றில் ஆடினால்தான் தண்டு பருக்கும். ஓராண்டில் அவிழ்த்துவிடுங்கள். இரட்டைத் தண்டு ‘வி’ போல நெருக்கமாகப் பிரிந்தால், சிறு வயதிலேயே ஒன்றை வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் புயலில் அந்தக் கவட்டில்தான் பிளக்கும். ஆவணியில் உள்கிளைகளைக் கலைத்துவிடலாம், மொட்டையடிக்கக் கூடாது. வெட்டிய இடத்தில் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிப்பு குறைவு, அடுத்த காற்றில் அவைதான் முதலில் முறியும்.